பன்றி பேசினால், யார் பேசுவது?

பன்றியும் குதிரையும் பேசினால், "இது குழந்தைகள் படம்" என்று நினைக்கிறோம். அது தவறு! பெரியவர்களுக்கென்றே எடுத்த கார்ட்டூன் படங்களும் உண்டு.

ஜார்ஜ் ஆர்வெல் 1945-ல் வெளியிட்ட கதை, 'விலங்குப் பண்ணை'. இங்கிலாந்தில் ஜான் ஹாலாஸ், ஜாய் பாட்செலர் என்ற கணவன்-மனைவி அதைக் கார்ட்டூன் படமாக்கினார்கள். படம் 1954-ல் வெளிவந்தது.

பண்ணை விலங்குகள் குடிகார முதலாளியை விரட்டுகின்றன. "எல்லோரும் சமம்" என்று சட்டம் போடுகின்றன. பிறகு நடந்தது என்ன? பன்றிகளே எஜமானர் ஆகின்றன! உழைத்து ஓய்ந்த குதிரையையும் விற்றுவிடுகின்றன.

ரஷ்யப் புரட்சிக்குப் பின் நடந்ததைத்தான் ஆர்வெல் இப்படிச் சொன்னார். மனிதர்களைக் காட்டியிருந்தால், நாம் கட்சி பிரிந்து சண்டை போடுவோம். குதிரை என்பதால் கண்ணீர் விடுகிறோம். விலங்கு முகத்துக்கு அவ்வளவு சக்தி!

ஆனால் அந்த முகத்தை யாரும் மாட்டிக் கொள்ளலாம். புத்தகத்தின் முடிவில், பன்றி யார், மனிதன் யார் என்றே தெரியவில்லை. இருவரும் ஒன்றாகி விடுகிறார்கள். படத்திலோ மனித முதலாளிகளைக் காணோம். பன்றிகள் மட்டுமே குற்றவாளிகள். விலங்குகள் திரண்டு வந்து அவற்றை வீழ்த்துகின்றன.

ஏன் இந்த மாற்றம்? படத்துக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது, ரஷ்யாவுக்கு எதிரியான அமெரிக்காவின் உளவுத்துறை! பல ஆண்டுகள் கழித்தே இது வெளியே வந்தது. படம் வந்தபோது ஆர்வெல் உயிரோடு இல்லை.

பசுத்தோல் போர்த்திய புலியை நமக்குத் தெரியும். விலங்குத்தோல் போர்த்திய மனிதனையும் தெரிந்து கொள்வோம். படம் பார்த்துச் சிரியுங்கள், அழுங்கள். கூடவே கேளுங்கள்: குரல் யாருடையது? பணம் யாருடையது?