பெரியவர்கள் சற்று விலகி நிற்கலாம்

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் கொல்லை மிச்சமிருக்கும் வீடுகள் சிலதான். எங்கள் வீட்டுக் கொல்லையில் கம்பிவலை போட்டு மூடிய கிணறு, துவைக்கிற கல், வாழை, வேலியோரம் ஒரு பூவரசு. சாயங்காலமானால் என் பேத்தியும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே கூடிவிடுவார்கள். துவைக்கிற கல்தான் டிரைவர் சீட். பழைய தாம்பாளம் ஸ்டீயரிங். பூவரசு இலையைக் கிழித்தால் டிக்கெட். ஆடுதுறை, குத்தாலம் என்று ஒவ்வொரு ஊராகக் கூவி இறக்கிவிட்டு மாயவரம் போய்ச் சேரும் அந்த பஸ். மறுநாள் அதே கல் ஆஸ்பத்திரிக் கட்டிலாகிவிடும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாழக் கற்றுக்கொள்வது இப்படிப்பட்ட விளையாட்டில்தான் என்று உறுதியாகச் சொல்வேன். பாதி நேரம் சண்டையில்தான் போகிறது. நேற்று நீ கண்டக்டர், இன்றைக்கு நான் என்று வாக்குவாதம். ஒருத்தி காய் விட்டுவிட்டு வாழையடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆள் குறைந்தால் பஸ் ஓடாது. கண்டக்டரே இறங்கிப் போய் சமாதானம் பேசுவான். முடியாவிட்டால் பையைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிடுவான். பழம் விட்டதும் பஸ் கிளம்பும். பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு விளையாட்டின் விதி எதுவும் பிடிபடாது. அவனையும் விரட்டுவதில்லை. ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்து, டிக்கெட் கேட்காமல் ஏற்றிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் எந்தப் பாடப் புத்தகமும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-ல் குழந்தை விளையாட்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பாவனை விளையாட்டு எதற்கும் கட்டுப்படாதது போலத் தெரிந்தாலும் அதற்குள் விதி இருக்கிறது என்றார். உடன்பிறந்த இரு சிறுமிகள் அக்கா தங்கையாகவே நடித்து விளையாடும்போது, வீட்டில் யோசிக்காமல் செய்வதை அங்கே யோசித்து, அக்கா என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள் என்பது அவர் காட்டிய உதாரணம். எங்கள் கொல்லையிலும் அதைத்தான் பார்க்கிறேன். தன் இஷ்டத்துக்கு அலைகிற பையன், கண்டக்டரானதும் வரிசையாக எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்து முடிக்கும் வரை நகர்வதில்லை.

இந்த பஸ் பாதி வழியில் நின்றுபோவது பெரியவர்களால்தான். ஆறு மணிக்கு அபாகஸ், ஏழு மணிக்கு டியூஷன் என்று ஒவ்வொருவராக அழைத்துப் போய்விடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலோ, கார் நிற்கும் இடத்தில் விளையாடக் கூடாது என்று பலகை. விளையாட ஒதுக்கிய மூலையில் ரப்பர் தரையும் பிளாஸ்டிக் சறுக்குமரமும் இருக்கும். சறுக்குவதற்கு இன்னொரு பிள்ளையின் துணை வேண்டியதில்லை. மண்ணும் குச்சியும் கொட்டாங்குச்சியும் கிடந்தால்தான் நான்கு பேர் கூடி, இது என்ன, அது என்ன என்று பேசி முடிவு செய்ய வேண்டிவரும்.

விளையாட்டு குழந்தையின் உரிமை என்கிறது 1989-ல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றது. அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் அரை மணி நேரத்துக்குக் கெஞ்ச வேண்டியிருப்பது அநியாயம்.

குடியிருப்போர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களே, ஒரு மூலையையாவது சிமென்ட் பூசாமல் விட்டுவையுங்கள். ஒரு மரம், கொஞ்சம் மணல், நாலு பழைய பாத்திரம் போதும். பெற்றோர்களே, சில சாயங்காலங்களை எந்த வகுப்பும் இல்லாமல் விடுங்கள். சண்டைச் சத்தம் கேட்டதும் ஓடாதீர்கள். அடிதடியோ ஆபத்தோ இல்லையென்றால், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.