மாத்திரை ஒண்ணுதான்... பெண் எலிக்கு மட்டும் ஏன் நாளுக்கு ஒரு மாதிரி?

'பீரியட்ஸுக்கு முந்தின ரெண்டு மூணு நாள், பதற்றத்துக்கான மாத்திரை போட்டாலும் கேட்கவே மாட்டேங்குதுடி' என்று என் தோழி புலம்புவாள். 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கவைத்தவை சில எலிகள்!

பதற்றத்துக்கான மருந்துகளை எலியிடம் சோதிக்க ஒரு மேடை உண்டு. பிளஸ் குறி வடிவில், தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். நான்கு பாதைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. பயந்த எலி சுவருக்குள்ளேயே பதுங்கும். டயஸெபம் கொடுத்தால், கொஞ்சம் தைரியம் வந்து திறந்த பக்கமும் போய்ப் பார்க்கும்.

இப்படிப்பட்ட சோதனைகளில் பல காலம் பெரும்பாலும் ஆண் எலிகள்தான். பெண் எலிக்கு 4, 5 நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் சுழற்சி வரும், 'ரிசல்ட் குழம்பிடும்' என்று ஒதுக்கிவிட்டார்கள். (குழப்பம் இருக்கிற இடத்தில்தானே ஆராய்ச்சி வேண்டும்?) சுண்டெலிகள் பற்றிய 293 ஆய்வுக்கட்டுரைகளை 2014-ல் அலசியபோது, ஆண்களைவிடப் பெண் எலிகள் ஒன்றும் அதிகமாகக் குழப்பவில்லை என்று தெரிந்தது.

ஆனால், பெண் எலியிடம் சுழற்சியின் நாளைப் பொறுத்து டயஸெபமின் பலன் மாறலாம் என்று 1990-லேயே ஆய்வு வந்துவிட்டது. காரணம்? புரொஜெஸ்டிரான் ஹார்மோனிலிருந்து உடம்பு 'அலோபிரெக்னனலோன்' என்ற பொருளைத் தயாரிக்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' ஏற்பிகளில் இது வேலை செய்யும். டயஸெபம் ஒட்டுவதும் அதே ஏற்பிகளில்தான், இடம்தான் வேறு.

ஷெரில் ஸ்மித் குழுவினர் 1998-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். பெண் எலிகளுக்கு புரொஜெஸ்டிரான் கொடுத்துவந்து, சட்டென நிறுத்தினார்கள். பதற்றம் கூடியது. ஏற்பியில் 'ஆல்ஃபா-4' என்ற பாகம் அதிகமானது. டயஸெபம் வகை மருந்துகள் அந்தப் பாகத்திடம் எடுபடாது. பூட்டையே மாற்றிவிட்டால் பழைய சாவி என்ன செய்யும்?

நமக்கும் பீரியட்ஸுக்கு முன் புரொஜெஸ்டிரான் இறங்கும். அதற்காக எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. எலிக்கு மாதவிடாயே கிடையாது! அதனால் அந்த நாள்களில் நீங்களாக டோஸைக் கூட்டிவிடாதீர்கள், ப்ளீஸ். தேதியோடு குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

என் தோழியும் இப்போது மொபைல் காலண்டரில் குறிக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் அவளிடம் ஸாரி சொல்லிவிட்டேன்.