கரண்ட் உங்களுக்கு, புகை யாருக்கு?

வத்தலக்குண்டில் என் அத்தை வீடு இருக்கிறது. கொடைக்கானல் ரோட்டில், கடைகள் முடிந்து தென்னந்தோப்பு ஆரம்பிக்கும் இடம். போன மே மாதம் ஒரு ராத்திரி அங்கே தங்கினேன். பதினோரு மணி வாக்கில் கண் அசரும்போது ஆரம்பித்தது அந்தச் சத்தம். டட்டட்டட்டட் என்று ஒரே சீராக, மூச்சு விடாமல்.

“என்னத்தே, கரண்ட் போச்சா?” என்றேன்.

“நமக்குப் போகலப்பா. தோப்புல ஒரு வண்டி நிக்குது. விடியிற வரைக்கும் இதான்” என்றார் அத்தை. பக்கத்து அறையில் மாமா. எழுபத்தெட்டு வயது. தூக்க மாத்திரை போட்டும் விழித்துக் கிடந்தார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளேயே படுக்கை, சமையல் மேடை, டாய்லெட், ஏ.சி. எல்லாம் வைத்த கேரவன். காலையில் மலை ஏறலாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணாடி எல்லாம் ஏற்றி, திரை போட்டு, உள்ளே நிம்மதியான உறக்கம். வெளியே ஒரு சின்ன ஜெனரேட்டர். அதிலிருந்து ஐந்தடி தள்ளி, பாயில் துண்டை விரித்துப் படுத்திருந்தார் டிரைவர். காதில் பஞ்சு.

“தம்பி, கொஞ்ச நேரம் நிறுத்தக் கூடாதா?”

“சார், உள்ள கைக்குழந்தை இருக்கு. ஏ.சி. நின்னா அழும். எனக்கும் தலை வலிக்குது சார், என்ன பண்றது?”

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன். சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் இது. சத்தத்துக்குப் பயந்த ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் போனதைவிட எனக்கு உறுத்தியது அந்தப் பாய்தான். கரண்ட் ஒருத்தருக்கு. சத்தமும் புகையும் இன்னொருத்தருக்கு. நம் ஊர் ஜெனரேட்டர்களின் முழு வரலாறும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

கேரவன் வாங்குகிறவர்களும், வேனுக்குள் கட்டில் போட்டுக்கொள்கிறவர்களும் ஜெனரேட்டர் கடையில் என்ன கேட்கிறார்கள்? நான் கவனித்தவரை நாலே கேள்விதான். ஏ.சி. இழுக்குமா? ஒரு டாங்க்குக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? ஒரே ஆள் தூக்கி வைக்க முடியுமா? விலை எவ்வளவு? நியாயமான கேள்விகள்தான். காசு கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார்.

அந்த நாலுக்கே ஒழுங்கான பதில் கிடைப்பதில்லை என்பது தனிக் கதை. ஒரு டன் ஏ.சி. ஓடும்போது ஒரு கிலோவாட் அளவுக்கு இழுக்கும். சாதாரண கம்ப்ரஸர் என்றால், ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். இதை யாரும் சொல்வதில்லை. இன்னொன்று உயரம். மேலே போகப் போக காற்று மெலிகிறது, இன்ஜினுக்கு மூச்சு வாங்குகிறது. ஆயிரம் அடிக்கு சுமார் மூன்றரை சதவீதம் பவர் குறையும் என்பது பொதுக் கணக்கு. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. வத்தலக்குண்டில் ஜோராக ஓடுகிற மெஷின், மேலே போய் ஐந்தில் ஒரு பங்கு சக்தியைத் தொலைத்துவிட்டு இருமிக்கொண்டு நிற்கும். “ஏமாத்திட்டான்” என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். மலையை யார் திட்டுவது?

என் சண்டை அந்த நாலு கேள்வியோடு இல்லை. கேட்காமல் விட்ட கேள்விகளோடு.

முதல் கேள்வி: எவ்வளவு சத்தம் போடும்?

இதற்குச் சட்டம் இருக்கிறது, ஐயா. 2000-ம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. 2005-லிருந்து தயாராகும் டீசல் ஜெனரேட்டர்கள் 1000 கே.வி.ஏ. வரை, கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் ஆறு டெசிபல் குறையும். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நல்ல மெஷின்கூட இரவு 45-க்கு இறங்க முப்பது மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். கூண்டே இல்லாமல் வாடகைக்கு வருகிற பழைய மெஷின்? அடுத்த தெருவே தள்ளிப்போக வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். அங்கே தேசியப் பூங்காக்களில் ஜெனரேட்டர் சத்தம் ஐம்பது அடி தூரத்தில் 60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. பல முகாம்களில் ஜெனரேட்டருக்கு நேரமும் குறித்துவிடுகிறார்கள். அதனால் அங்கே வாங்குகிறவர் முதலில் கேட்பதே டெசிபலைத்தான். அவர்கள் எல்லாம் புத்தர் என்பதால் அல்ல. பக்கத்து வண்டிக்காரர் வந்து கதவைத் தட்டுவார். நம் ஊரில் தட்டினால் டிரைவர்தான் எழுந்து வருவார்.

சத்தம் குறைந்த மெஷினும் சந்தையில் இருக்கிறது. சாதாரண சின்ன ஜெனரேட்டர், ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றியே தீர வேண்டும். இன்வெர்ட்டர் வகை அப்படி இல்லை. தேவைக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் குறையும், பெட்ரோலும் மிச்சம். விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். பல லட்சம் போட்டு வண்டி கட்டுகிறவர் கடைசியில் ஜெனரேட்டரில் வந்து சிக்கனம் பார்த்தால், அந்தச் சிக்கனத்துக்கான பில் என் மாமாவுக்குத்தான் வருகிறது.

இரண்டாவது கேள்வி: புகை எங்கே போகும்?

இது தூக்கத்தோடு போகிற விஷயம் இல்லை. உயிர் விஷயம். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கல்யாணக் கோஷ்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த வண்டி. ஜெனரேட்டரைப் போட்டு, ஏ.சி.யை ஓடவிட்டுப் படுத்திருக்கிறார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது. இறந்த இரண்டு பேர் யார் தெரியுமா? ஒருவர் அந்த வண்டியின் டிரைவர். இன்னொருவர் அவரோடு வேலை பார்த்தவர்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். இதில்தான் நம் மலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தவருக்குத் தலை சுற்றினால் என்ன நினைப்பார்? “மலைப்பாதை, அதான் பித்தம். கொஞ்சம் படு, சரியாயிடும்.” படுத்தால் எழுந்திருக்க மாட்டார். தோப்பில் அந்தத் தம்பி “தலை வலிக்குது” என்றாரே, நான் சத்தத்தால் என்று நினைத்துக்கொண்டேன். சத்தமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவரை எழுப்பி, பாயைத் தள்ளிப் போடச் சொல்லாமல் வந்தது என் தப்பு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

மூன்றாவது கேள்வி: இந்தக் கரண்ட் எங்கெல்லாம் போகும்?

இது கேரவன்காரர்களைவிட வீட்டுக்காரர்களுக்கு. மின்வெட்டுக் காலம் ஞாபகம் இருக்கிறதா? 2008-ல் ஆரம்பித்து, 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை, டைலர் கடை என்று வாசலுக்கு வாசல் ஜெனரேட்டர் முளைத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கரண்ட் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கடை ஓட வேண்டும்.

ஆனால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டச் சோம்பல்பட்டு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவரில் சொருகிய மகானுபாவர்களும் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. கம்பத்துக்குப் போகும். டிரான்ஸ்பார்மருக்குப் போனால் அங்கே 11,000 வோல்ட்டாக மாறி லைனில் ஏறும். சப்ளை இல்லை என்று நம்பி ஒருத்தர் அந்தக் கம்பத்தில் ஏறியிருப்பார். நீங்கள் ஃபேன் காற்றில் டி.வி. பார்க்க, உங்கள் முகம்கூடத் தெரியாத ஒரு லைன்மேன் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?

“அப்போ டூர் போகாதேங்கறீங்களா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போங்கள், தாராளமாகப் போங்கள். குழந்தைக்குக் காற்று வேண்டும், வயதானவர்களுக்கு டாய்லெட் வேண்டும். நம் ஊர் ரோட்டோர டாய்லெட்டுகளின் லட்சணம் தெரிந்த யாரும் கேரவனைக் கேலி பேச மாட்டார்கள்.

ஒரு கணக்கு மட்டும் போடுங்கள். கரண்ட் கம்மியாக இழுக்கிற புது ரக ஃபேன் இரண்டு, லைட், செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு லித்தியம் பேட்டரி போதும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஜெனரேட்டர் தேவைப்படுவது ஏ.சி.க்குத்தான். ஏ.சி. வேண்டுமென்றால் பிளக் இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். வெளிநாட்டு முகாம்களில் வண்டிக்கு ஒரு மின் கம்பம் நட்டு, மீட்டர் வைத்துக் காசு வாங்குகிறார்கள். கேரவன் சுற்றுலா என்று கொள்கை எழுதும் அரசுகள் முதலில் நட வேண்டியது அந்தக் கம்பத்தை. மலை அடிவாரத்தில் அப்படிப் பத்துக் கம்பம் இருந்தால், தோப்பில் பத்து ஜெனரேட்டர் அலறாது.

அதுவரை, வாங்குகிறவர்களுக்கு என் கோரிக்கை. கே.வி.ஏ. கேட்பதற்கு முன் டெசிபல் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வண்டிக்குள் மாட்டுங்கள். ஏ.சி.க்குக் கொடுக்கிற விலையில் அது ஒரு தூசு. புகைக்குழாய் ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம், ஆள் படுக்கிற பக்கம் திரும்பியிருக்கிறதா என்று ராத்திரி ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். வீடுகள் இருக்கும் இடத்தில் பத்து மணிக்கு நிறுத்துங்கள்.

டிரைவர் எங்கே படுக்கிறார் என்றும் பாருங்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ராத்திரி நீங்கள் பாய் போட்டுப் படுத்தால் போதும். அடுத்த தடவை கடையில் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.