பின்னால் கேட்கும் 'லொடக்'

கார் வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். பின்பக்கம் 'லொடக்' என்று சத்தம் கேட்டதும் மெக்கானிக்கிடம் ஓடுபவர்கள் ஒரு வகை. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டுபவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகை ஆபத்தானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் முதல் வகையினரும் பெரிய சாமர்த்தியசாலிகள் இல்லை. பெரும்பாலும் தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

ஒரு கால் டாக்சி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் 'லொடக்'. சவாரிக்கு வந்தவர் முகம் சுளிக்கிறார். மெக்கானிக் வண்டியின் பின்பக்கத்தை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். "ரெண்டு ஷாக்கும் போச்சுண்ணே, மாத்திடலாம்." மாற்றியாகிறது. சத்தம் போகவில்லை. "அப்ப புஷ்ஷாத்தான் இருக்கும்ணே." அதையும் மாற்றியாகிறது. இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்துவிட்டுப் பழையபடி ஆரம்பிக்கிறது. கடைசியில் எதற்கோ டிக்கியைத் திறந்தால், ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து சக்கரம் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறது. கையாலேயே இறுக்கியதும் சத்தம் போச்சு. ஒரு வார வருமானம் அதற்கு முன்பே போச்சு.

இந்த ஓட்டுநர் கற்பனைதான். ஆனால் கார் வைத்திருக்கும் யாரிடம் சொன்னாலும் "எங்க வண்டிக்கும் இதே கதைதான்" என்பார்கள்.

தப்பு எங்கே நடந்தது? மெக்கானிக்கும் ஓட்டுநரும் கேட்டுக்கொண்ட முதல் கேள்வியே தப்பு. "எந்தப் பாகம் போச்சு?" என்று கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டியது "சத்தம் எப்போது வருகிறது?" என்பதைத்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் காதை அதிகம் நம்ப முடியாது. காரின் உடம்பு முழுக்க இரும்புத் தகடு. ஒரு மூலையில் தட்டினால் இன்னொரு மூலையில் கேட்கும். மூடிய கண்ணாடிக்குள் 'தொம்' என்ற கனமான சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்வதே கஷ்டம். ஆனால் எப்போது வருகிறது என்பதைச் சொல்வதற்குப் பெரிய திறமை வேண்டாம். நான்கு நாள் கவனித்து ஓட்டினால் போதும்.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் மட்டும் 'டொக் டொக்' என்றால், ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் புஷ்களைப் பார்க்க வேண்டும். ஷாக் நன்றாகவே இருந்து, அதைப் பிடித்திருக்கும் ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கலாம். வண்டி கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒரே ஒரு 'டக்' என்றால், பின் ஆக்சிலை உடம்போடு இணைக்கும் பெரிய புஷ்களையும் பிரேக் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களையும் சந்தேகிக்கலாம். ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போது அடியில் ஏதோ இடிக்கிறது என்றால், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பிரேக் பிடித்து வண்டி நின்ற அடுத்த கணம் மெத்தென்று ஒரு 'தொம்' வந்தால், அது டேங்கில் பெட்ரோல் அலைமோதும் சத்தமாகக்கூட இருக்கும். டேங்கை நிரப்பினால் அந்தச் சத்தம் குறைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவற்றில் ஒன்று மட்டும் அவசரம். சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப 'டொக்... டொக்... டொக்' என்று தாளம் போட்டால், வீல் நட்டு தளர்ந்திருக்கலாம், டயரில் புடைப்பு இருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். அதற்கு நான்கு நாள் கவனிப்பெல்லாம் கூடாது. அங்கேயே ஓரமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அதிலும் பஞ்சர் ஒட்டி சக்கரம் மாட்டிய மறுநாள் இந்தச் சத்தம் வந்தால், முதலில் கை வைக்க வேண்டியது வீல் ஸ்பானரில்தான்.

இரண்டாவது விஷயம் வரிசை. காசு செலவில்லாத சோதனைகள் முதலில், காசு செலவாகும் சோதனைகள் கடைசியில். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்பானர் பை, தண்ணீர் கேன், ஸ்டெப்னி எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு அதே தெருவில், அதே வேகத்தடையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின் சீட்டின் சாய்மானம் கொக்கியில் சரியாக மாட்டியிருக்கிறதா? டிக்கிக் கதவு இறுக்கமாக மூடுகிறதா, அதைத் தாங்கும் ரப்பர்கள் இருக்கின்றனவா? பிறகு செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டு டிக்கியின் இடது மூலையில் ஒருமுறை, வலது மூலையில் ஒருமுறை வைத்து ஓட்டலாம். எந்தப் பதிவில் சத்தம் பலமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தேட ஆரம்பிக்கலாம். இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இதற்கு மேல் வண்டிக்கு அடியில் நடக்கும் வேலை மெக்கானிக்குடையது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

"முப்பது வருஷ அனுபவம் உள்ள மெக்கானிக்கின் காதுக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அனுபவசாலி ஊகித்தால் பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் சரியான ஊகம் என்றால் சோதித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சந்தேகப்படும் புஷ்ஷில் கம்பியை வைத்து நெம்பிப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். பாகத்தை மாற்றிப் பார்ப்பதையே சோதனையாக வைத்துக்கொண்டால், அந்தச் சோதனைக்குப் பணம் கட்டுவது வண்டிக்காரர்.

தேட வேண்டிய இடங்களும் அப்படியொன்றும் அதிகமில்லை. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரில் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகள், அவற்றின் ஷேக்கிள் புஷ்கள், இன்ஜினிலிருந்து வரும் நீளமான ஷாஃப்ட், அதன் ஜாயின்ட்கள், டிஃப்ரன்ஷியல் என்று சத்தம் போட நிறைய ஆட்கள் இருந்தார்கள். இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரு கட்டை, இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக், சில புஷ்கள், அவ்வளவுதான். இவ்வளவு குறைவான இடத்திலும் தேடாமல் ஊகிப்பது சோம்பேறித்தனம். மின்சாரக் கார்களில் இன்ஜின் சத்தமே இல்லாததால் சின்ன 'டக்'கூடப் பெரிதாகக் கேட்கிறது. அவை பெருகப் பெருக இந்தப் புகார்களும் கூடத்தான் செய்யும்.

ஆனால் இந்தச் சோம்பேறித்தனத்துக்கு மெக்கானிக்கை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அவருக்குக் கூலி எதற்குக் கிடைக்கிறது? பாகம் மாற்றினால் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் தேடி, "ஒண்ணுமில்லண்ணே, ஸ்டெப்னி திருகுதான், இறுக்கிட்டேன்" என்று சொன்னால் எத்தனை பேர் முகம் கோணாமல் முந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுப்பார்கள்? "இதுக்கா காசு?" என்றுதான் கேட்பார்கள். அதே ஆள் பல ஆயிரத்துக்கு ஷாக் மாற்றினால் மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள். டாக்டருக்கு ஊசி போடாவிட்டாலும் பீஸ் கொடுக்கிற ஊர், மெக்கானிக்குக் கண்டுபிடித்ததற்காகக் கொடுக்க மறுக்கிறது. இப்படி இருந்தால் எந்த மெக்கானிக் உட்கார்ந்து தேடுவார்?

ஆகவே மாற வேண்டியது இரண்டு பக்கமும். வண்டிக்காரர் "சத்தம் வருது, பாத்து வைங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடாமல், எப்போது வருகிறது என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். மெக்கானிக்கைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சத்தம் வரும் தெருவில் தானே ஓட்டிக் காட்ட வேண்டும். "கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா காசு தர்றேன், மாத்துறது அப்புறம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெக்கானிக் தன் பங்குக்கு, மாற்றுவதற்கு முன் அந்தப் பாகம் ஆடுவதைக் கண்ணால் காட்ட வேண்டும், மாற்றிய பிறகு பழையதைக் கையில் கொடுக்க வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். சரியான பாகத்தை மாற்றியும் சத்தம் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முந்நூறு ரூபாய் கண்டுபிடிக்கும் கூலி அதிகமாகத் தோன்றினால், அந்த டாக்சி ஓட்டுநரின் வீட்டு மூலையில் கிடக்கும் இரண்டு நல்ல ஷாக் அப்சார்பர்களை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும்.