கோட்டு மடிப்பு

அம்பேத்கர் படத்துல முகம் போதாதா, கோட்டை எதுக்கு இவ்வளவு விலாவாரியா எழுதுறே என்று கேட்கிறார்கள். காரைக்காலில் எங்க தெரு படிப்பகத்துக்காக எண்ணெய் வண்ணத்தில், வெறும் கறுப்பு வெள்ளையில் நான் எழுதிக்கொண்டிருக்கும் படம் அது. ஓவியம் தெரிந்த ஒருத்தர் சொன்னார்: "துணி முகத்தைத் தின்னுடுதுப்பா." இன்னொருத்தருக்குக் கோட்டே வெள்ளைக்காரன் வேசம்.

இவர்களே ரவிவர்மாவின் பட்டுச்சேலைச் சரிகையைப் பற்றி நாள்பூரா பேசுவார்கள். அங்கே மட்டும் துணி முகத்தைத் தின்னாது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். ஆம்பளை முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 சென்சஸில் ஹட்டன் பதிந்திருக்கிறார். அம்பேத்கரும் எடுத்து எழுதியிருக்கிறார். அதே டிசம்பரில் அவர் லண்டனில், முதல் வட்டமேசை மாநாட்டில், கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். இது வேசமா?

1921இல் மதுரையில் சட்டையைக் கழற்றியவரை மகான் என்றீர்கள். கழற்ற அவரிடம் சட்டை இருந்தது. எங்க தாத்தா பண்ணை வாசல்ல துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் நின்னாரு. நம்ம பிரெஞ்சு சீமையிலேயே, 1873இல் ஐரோப்பியச் செருப்புப் போட்டுப் பாண்டிச்சேரி கோர்ட்டுக்குப் போன வக்கீல் பொன்னுத்தம்பியைத் தடுத்தார்கள். பாரீஸ் வரை போய் ஜெயித்தார். வேளாளர் செருப்பு என்றால் அது உரிமைப் போராட்டம். எங்க ஆளு கோட்டு என்றால் காப்பியா?

தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நீலத்தைப் பூசினால் எவன் கண்ணுக்கும் அது கோட்டுத்தான். சாம்பலில் அந்தச் சலுகை கிடையாது. முழங்கையில் மடிப்புக் கூராக விழணும், தோளில் மழுங்கி இறங்கணும். காலரும் சாம்பல்தான், ஓரத்தில் மட்டும் சுத்த வெள்ளை. கம்பளித் துணியின் கனம் தெரியலேன்னா அது கோட்டு இல்லை, கறுப்புச் சாக்கு. அடிப்பூச்சு அம்பர், சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் இழுத்தடிக்கும். ஐப்பசி மழையும் கடல்காத்தும் சேர்ந்தா கேக்கவே வேணாம். அவசரப்பட்டு மேலே பூசினால் பின்னால் வெடிக்கும்.

முகம் ஒரு வாரத்தில் முடிந்தது. கோட்டுக்கு ரெண்டு மாசம் ஆச்சு, இடது கை இன்னும் பாக்கி.