சடை வளர்க்கும் பிள்ளைக்கும் அவன் அம்மாவுக்கும்



வேங்கிக்காலிலிருந்து ஓர் அம்மா கைப்படக் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்க்கிறான். ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கும் ஒரு வெளிநாட்டு நண்பரைப் பார்க்கப் போனவன், சாயங்காலம் தலை முழுக்கச் சடையோடு வீடு திரும்பியிருக்கிறான். “அண்ணாமலையார் ஊரில் இருந்துகொண்டு சடையைப் பார்த்து முகம் சுளிக்கலாமா என்று கேட்கிறான் சார். நான் முகம் சுளிக்கவில்லை. நாற்றம் வருமா, பேன் பிடிக்குமா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா, நாளைக்குப் பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது, இதையெல்லாம் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?” என்று முடிகிறது கடிதம்.

கேட்க வேண்டிய கேள்விகள்தான் அம்மா. இந்த இதழின் ஆசிரியர் பக்கம் உங்களுக்கும் உங்கள் மகனுக்கும்.

திருவண்ணாமலைக்காரர்கள் அளவுக்குச் சடையைப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனை சாதுக்கள்! உச்சியில் கொண்டையாகச் சுருட்டியவர், இடுப்புவரை தொங்கவிட்டவர், காவித் துணியால் சுற்றிக் கட்டியவர். மார்கழி, தை மாதங்களில் செங்கம் சாலையில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் அதே கோலத்தில் சைக்கிளில் போகிறார்கள். கோயிலுக்குள் போனால் சடையில் கங்கையைத் தாங்கியவர். கார்த்திகை தீபத்தன்று சில நிமிடங்களே வெளியே வந்து காட்சி தரும் அர்த்தநாரீசுவரருக்கு ஒரு பாதியில் சடை, மறுபாதியில் வாரி முடித்த கூந்தல். இவ்வளவையும் கும்பிடுகிறோம். ஆனால், ‘சாமி, இதை எப்படிக் கழுவிக் காயவைக்கிறீர்கள்?’ என்று எந்தச் சாதுவிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், சடை என்றால் தலையைக் கவனிக்காமல் விட்டவர் என்று இத்தனை எளிதாக நினைத்திருக்க மாட்டோம்.

சடை இரண்டு வழியில் வரும். சீப்புப் படாமல் விட்டால் முடி தானாகப் பின்னிக்கொள்ளும். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சுருள்முடிக்கு இது சீக்கிரம் கைகூடும். நம்மூர் முடி நேராகவோ லேசாக அலை அலையாகவோ இருப்பதால் ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். இன்னொன்று, ஒருவர் உட்கார்ந்து செய்துவிடுவது. வால்மீகி ராமாயணத்திலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. கங்கைக் கரையில், குகனுடைய சிருங்கிபேரத்தில், ராமன் ஆலம்பால் கொண்டுவரச் சொல்கிறான். அதைக் கொண்டு தனக்கும் தம்பி லட்சுமணனுக்கும் அவனே சடை திரிக்கிறான். அரண்மனையிலிருந்து வந்த முடி காட்டில் தானாகச் சடை பிடிக்கட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. ஆகவே, ஒரே நாளில் சடை போட்டுக்கொண்டு வந்துவிட்டானே என்று மகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகனுக்கு ஆலம்பால் தடவியிருக்க மாட்டார்கள். தலையைக் கட்டம் கட்டமாக வகிடு எடுத்துப் பிரித்து, ஒவ்வொரு பிடி முடியையும் நுனியிலிருந்து வேரை நோக்கி எதிர்ப்பக்கமாகச் சீவிச் சிக்காக்கி, நூல் பின்னும் மெல்லிய குரோஷே ஊசியால் வெளியே நிற்கும் முடிகளை உள்ளே இழுத்து இறுக்கியிருப்பார்கள். தலை முழுவதும் செய்து முடிக்க ஒரு நாள் பிடிக்கும் வேலை இது. சிலர் மெழுகு தடவுவார்கள். அது வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் மெழுகு முழுதாகப் போகாது, தூசியும் ஒட்டிக்கொள்ளும்.

முதல் சில மாதங்கள் பார்க்கக் கொஞ்சம் கலைந்துதான் இருக்கும். வேரில் அரிக்கும், அங்கங்கே பிரியும். பதறாதீர்கள். சடை முற்றிக் கெட்டிப்பட ஒரு வருடமாவது வேண்டும். நாளொன்றுக்கு நம் எல்லோர் தலையிலிருந்தும் ஐம்பது முதல் நூறு முடிவரை உதிர்கிறது. சீப்பில் வர வேண்டிய அந்த முடிதான் சடைக்குள்ளேயே தங்கி அதைக் கனமாக்குகிறது.

இனி நாற்றம். இதற்குப் பதில் புறநானூற்றில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 251, 252 ஆகிய இரண்டு பாடல்களைப் பாடியவர் மாற்பித்தியார். ஒரு காலத்தில் பெண்களின் நெஞ்சைக் கலக்கிய இளைஞன் ஒருவன் துறவியாகிவிட்டான். மலையருவியில் நீராடுகிறான். காட்டு யானை கொண்டுவந்து தந்த விறகில் தீ வளர்த்து, முதுகில் தாழ்ந்து தொங்கும் சடையை உலர்த்துகிறான். அடுத்த பாட்டில், அருவி நீர் பட்டுப் பட்டு அந்தச் சடை நிறம் மாறித் தில்லைத் தழைபோல் ஆகிவிட்டது என்கிறார். துறவைப் பாட வந்த புலவர் மந்திரத்தையும் தவத்தையும் விட்டுவிட்டு, ஒருவன் தலை காயவைப்பதைப் பாடியிருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் மனம் நின்றுவிடும். சடை வைத்திருக்கும் யாரையோ அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஏனென்றால் சடையைப் பேணுவதில் பாதி வேலை காயவைப்பதுதான். அழுக்கால் நாற்றம் வருவதைவிட ஈரத்தால் வருவதே அதிகம். தடித்த சடையின் மேற்புறம் காய்ந்துவிடும். நடுவில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை உள்ளே பூஞ்சை ஏறிவிட்டால் வெளியிலிருந்து கழுவி எடுப்பது பெரும்பாடு. ஆகவே வாரம் ஒருமுறை, நல்ல வெயில் நாளில், காலையிலேயே தலைக்குக் குளிக்கட்டும். விரல் நுனியால் தலைத்தோலைத் தேய்த்துக் கழுவி, நுரை நீரைச் சடை வழியாக வழியவிட்டு, நுரை அற்றுப்போகும்வரை அலச வேண்டும். பிறகு ஒவ்வொரு சடையாகத் துண்டுக்குள் வைத்துப் பிழிந்து, மொட்டைமாடியில் வெயில் காயட்டும். வேங்கிக்கால் வெயிலுக்கு என்ன குறை! ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும்போதுதான் கவனம் வேண்டும். அந்த நாட்களில் மின்விசிறியோ முடி உலர்த்தியோ துணை. ஈரத்தோடு கொண்டை போடுவதும், ஈரத்தோடு படுப்பதும் கூடவே கூடாது. தீபத்தன்று மழையில் நனைந்தபடி கிரிவலம் போய் வந்தாலும், தலையைக் காயவைத்துவிட்டுத்தான் தூக்கம்.

ஷாம்பு எதுவானாலும் பிசுக்குத் தங்காததாக இருக்க வேண்டும். முடியை வழுவழுப்பாக்கும் கண்டிஷனர் சடையைப் பிரித்துவிடும், அதைத் தவிர்க்கலாம். சீயக்காய் நல்லதுதான், ஆனால் பொடியாகத் தேய்த்தால் துகள் சடைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீராகப் பயன்படுத்துங்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிய நீரும் அப்படியே. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய்க் குளியலை விட மனம் வராது உங்களுக்கு, தெரியும். சனிக்கிழமை காலை பிள்ளையை மணையில் உட்காரவைத்து நல்லெண்ணெய் வைத்த கை அல்லவா. உடம்புக்குத் தாராளமாகத் தேயுங்கள். தலையில் வேர்ப்பகுதிக்கு மட்டும், விரல் நுனியில் தொட்டு, சில சொட்டுகள் போதும். சடையில் ஊற்றித் தேய்த்தால் எண்ணெயும் தூசியும் சேர்ந்து உள்ளே அடையும்.

சடை பேனை உண்டாக்குவதில்லை. பேன் தலைத்தோலை ஒட்டி வாழ்வது, இன்னொரு தலையிலிருந்து ஏறி வருவது. ஆனால் வந்துவிட்டால் சடைக்காரருக்குப் பேன் சீப்பு உதவாது. மருத்துவரைக் கேட்டு, பேனுக்கான மருந்தைத் தலைத்தோலில் பூசித்தான் போக்க வேண்டும். இரவில் சுத்தமான பருத்தித் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்தால் தலையணைப் பஞ்சும் நூலும் சடையில் ஏறாது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. புதிதாக வளர்ந்ததை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சடையோடு சேர்த்து உருட்டிவிட வேண்டும். இதில் அவசரமும் அழகு ஆசையும் ஆகாது. அடிக்கடி இறுக்கினால், எந்நேரமும் இழுத்துக் கட்டினால், நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் முடி ஏறத் தொடங்கும். நெடுநாள் இழுபட்ட வேர் திரும்ப முளைக்காமலும் போகலாம். வேரில் வலி, சிறு சிறு கொப்புளம் என்றால் இறுக்கம் கூடிவிட்டது என்று பொருள். உடனே தளர்த்த வேண்டும்.

இன்னொன்றை மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேலூர் சாலையில் கலெக்டர் அலுவலகத்தைத் தாண்டி வண்டிகள் போகிற வேகம் உங்களுக்கே தெரியும். உச்சிக்கொண்டை போட்டால் தலைக்கவசம் ஏறாது. சடைகளைப் பின்கழுத்தில் தாழ்வாகக் கட்டி, அதற்கேற்ற அளவில் தலைக்கவசம் வாங்கிக்கொள்ளட்டும். தலைக்கவசம் போடாமல் வண்டியை எடுக்க விடாதீர்கள்.

உங்கள் மகனுக்குச் சடை போட்டுவிட்டவர் அதை எங்கே கற்றாரோ தெரியாது. ஆனால் இன்று உலகமெங்கும் இளைஞர்கள் விரும்பும் சடைக்குப் பெரிய முகவரி ஜமைக்கா. 1930களில் அங்கே எழுந்த ராஸ்தஃபாரி இயக்கத்தவரில் பலர் சடையை விரதமாக ஏற்றார்கள். அந்தத் தீவுக்கு 1845 முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. நம் சாதுக்களின் சாயல் ராஸ்தஃபாரிகளிடம் இருக்கிறது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மற்றவர்கள் ஆப்பிரிக்காவைக் காட்டுகிறார்கள். எங்கிருந்து வந்தாலும் அந்தச் சடைக்காக அவர்கள் பட்ட பாடு பெரிது. 1963இல் கோரல் கார்டன்ஸ் கலவரத்தின்போது ராஸ்தஃபாரிகளைப் பிடித்து அடைத்து, சடையை வலுக்கட்டாயமாக வெட்டினார்கள். அதற்கு ஜமைக்கா அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல். பாப் மார்லி பாட்டுக்காகச் சடை வைக்கிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விருப்பம் இல்லாத தலையில் சடையை ஏற்றுவதும் அந்த வன்முறைக்குக் குறைந்ததில்லை. இதைச் சொல்வதற்காகவே இந்தப் பக்கத்தை நீட்டினேன். உங்கள் மகன் ஆசைப்பட்டு வளர்க்கிறான். நம் கிராமங்களில் சில பெண்களுக்கு ‘சடை விழுந்திருக்கிறது’ என்கிறார்கள். பிள்ளை பெற்றுப் பல வாரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, மனம் சோர்ந்து சீப்பையே தொடாமல் இருந்தபோது, நீளமான கூந்தல் சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிடும். மருத்துவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். வீட்டில் உள்ளவர்களோ ‘அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள், வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது’ என்று சொல்லிவிடுவார்கள். பிறகு அந்தப் பெண் வருடக்கணக்கில் அந்தக் கனத்தைச் சுமக்கிறாள். கழுத்து வலி, அரிப்பு, புண், ஒருபக்கமாகவே படுக்க முடிகிற தூக்கம். வடகர்நாடகத்தில் இப்படிச் சடை விழுந்த சிறுமிகளை எல்லம்மா என்னும் அம்மனுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் கொடுமையே நடந்தது. அதைத் தடுக்க 1982இல் அந்த மாநிலம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மகாராட்டிரத்தில், நரேந்திர தபோல்கர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பைச் சேர்ந்த நந்தினி ஜாதவ், வீடு வீடாகப் போய்ப் பேசி, பயத்தைப் போக்கி, நூற்றுக்கணக்கான பெண்களின் சடையை அவர்கள் சம்மதத்தோடு வெட்டிவிட்டிருக்கிறார். தபோல்கரை 2013இல் பூனாவில் சுட்டுக்கொன்றார்கள். அதன் பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

வெட்டினால் தெய்வக் குற்றம் என்று பயப்படுகிறவர்களுக்கு நம் ஊர்க் கதையையே சொல்லலாம். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த இளைஞர் வேங்கடராமன் அன்றே அய்யங்குளத்துப் பக்கம் தலையை மழித்துக்கொண்டார். பிறகு தவத்தில் உடம்பையே மறந்திருந்ததில், ஒன்றரை வருடத்தில் முடி கூடை முடைந்தாற்போல் பின்னிச் சடையாகி, பொடிக் கற்களும் மண்ணும் உள்ளே ஏறிவிட்டன. அன்பர்கள் வற்புறுத்தி மழித்துவிட்டபோது, தலை இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்து, அசைத்து அசைத்துப் பார்த்தாராம். அத்தனை பாரம் இறங்கியிருக்கிறது. இதைப் பின்னாளில் ரமண மகரிஷியாக அவரே அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த மகானுக்கே சடை போனதில் ஒரு குறையும் வரவில்லை.

அம்மா, பெண் வீட்டார் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். ‘அவன் ஆசைப்பட்டு வைத்திருக்கிறான், வாரம் தவறாமல் கழுவிக் காயவைக்கிறான்’ என்று நீங்களே சொன்னால் அதற்கு மேல் கேள்வி குறைவு. நாளைக்கு அவனுக்கே வேண்டாம் என்று தோன்றினாலும் வழி இருக்கிறது. புதுச் சடையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, நுனியிலிருந்து மேல்நோக்கி ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். பல நாள் பொறுமை வேண்டும். முற்றிய சடையை வேரிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சீவிக்கொள்ளலாம். அதற்கு நாளும் பார்க்க வேண்டாம், பரிகாரமும் வேண்டாம்.

உங்கள் தெருவிலோ உறவிலோ பயத்தினால் சடை சுமந்துகொண்டிருக்கும் பெண் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பெயரும் ஊரும் வெளியிட மாட்டோம். தோல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அந்தக் கேள்விகளைக் கொண்டுபோய், பதில் வாங்கி, இதே பக்கத்தில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்