சம்பூரிலிருந்து ஜனாதிபதிக்கு: அந்தக் கடதாசிகளை எங்களுக்கும் காட்டுங்கள்

மேதகு ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

நான் மூதூர் கிழக்கில், சம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி நீங்களும் இந்தியப் பிரதமரும் கொழும்பில் இருந்தபடி, திரை வழியாக எங்கள் ஊர் சூரிய மின் நிலையத்தின் வேலையைத் தொடக்கிவைத்தீர்கள். அதை நான் சம்பூரில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்து பார்த்தேன். மருமகனின் கைத்தொலைபேசி ஒன்று, அதைச் சுற்றி ஆறு பேர். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி நிழலுக்குப் பிடித்தார். நீங்கள் இருவரும் பொத்தானை அழுத்தியதும் அங்கே மண்டபத்தில் கைதட்டல் கேட்டது. இங்கே ஒருவர் என்னிடம் கேட்டார்: "மாஸ்டர், எந்தக் காணியில வரப்போகுது? பழைய நிலக்கரிக் காணியா, அதுக்கு அங்காலயுமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவனிடம் ஊரார் கேட்ட கேள்வி அது. இந்த மடலை எழுத உட்காரவைத்ததும் அதுதான்.

அன்று கொழும்பில் ஏழு புரிந்துணர்வு உடன்படிக்கைகள் பரிமாறப்பட்டன. இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது அவற்றில் ஒன்று. கிழக்கு மாகாணத்துக்கான நன்கொடை உதவி இன்னொன்று. ஏறத்தாழ 240 கோடி ரூபா என்று இந்தியப் பிரதமரே சொன்னார். மற்றொன்று பாதுகாப்பு ஒத்துழைப்பு. முதல் இரண்டும் எங்கள் மாவட்டத்தையும் மாகாணத்தையும் பெயர் சொல்லியே குறிக்கின்றன. மூன்றாவதும் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. இந்தத் தீவில் பாதுகாப்பு என்று எவர் பேசத் தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் பேச்சு திருகோணமலைத் துறைமுகத்தில் வந்து நிற்கும்.

உடன்படிக்கைகளின் தலைப்புகள் பத்திரிகையில் வந்தன. வாசகம் வரவில்லை. பாராளுமன்றத்தில் வைக்கும்படி எதிர்க்கட்சிகள் கேட்டும் வைக்கப்படவில்லை. தேவையானவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம் என்று உங்கள் அரசாங்கத் தரப்பு ஒருமுறை சொன்னது. வெளியிடுவதென்றால் மற்றத் தரப்பின் சம்மதமும் வேண்டும் என்று இன்னொருமுறை சொன்னது. இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் நாங்கள் நிற்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்தியாவுக்கு எதிராக எழுதவில்லை. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் இந்தச் சனம் வரிசையில் நின்றபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியோடு முன்னுக்கு வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பினார்கள். அதை மறப்பது நன்றிகெட்ட வேலை. சூரிய மின்சாரமும் எனக்குப் பிடித்த காரியம்தான். இந்த இடத்தில் வரவிருந்த நிலக்கரியின் சாம்பலை விட வெயில் எவ்வளவோ மேல்.

எங்கள் நம்பிக்கையின் கதையையும் நீங்கள் அறிய வேண்டும். 2024 பெப்ரவரியில், ஜனாதிபதித் தேர்தலுக்கு மாதக்கணக்கு இருக்கும்போதே, நீங்கள் இந்திய அழைப்பில் டெல்லி போய் வெளிவிவகார அமைச்சரையும் தேசிய பாதுகாப்பு ஆலோசகரையும் சந்தித்தீர்கள். அந்தப் படம் பத்திரிகையில் வந்த நாளில் இதே கடை வாங்கில் பெரிய விவாதம். "இந்திய விஸ்தரிப்புவாதம் என்று வகுப்பு எடுத்த கட்சி" என்றார் ஒருவர். "ஆள் மாறிவிட்டார், அது நல்லதுதானே" என்றார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம். நவம்பர் பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் 159 ஆசனங்கள் உங்களுக்குக் கிடைத்தன; திருகோணமலை மாவட்டத்தின் நான்கில் இரண்டும் உங்கள் கட்சிக்கே. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கலந்து வாழும் மாவட்டம் இது. டிசம்பரில் ஜனாதிபதியாக உங்கள் முதல் வெளிநாட்டுப் பயணம் டெல்லிக்கு என்றதும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அங்கே வெளியிட்ட கூட்டறிக்கையில் சம்பூர் என்ற பெயர் இருந்தது. பாதுகாப்பு ஒத்துழைப்புக்கு ஒரு சட்டக உடன்படிக்கையின் சாத்தியத்தை ஆராய்வது என்ற வரியும் இருந்தது. நான்கே மாதத்தில் அது கையெழுத்தாகிவிட்டது. அந்த நான்கு மாதத்தில் யார் யாரோடு பேசினார்கள், எதைக் கேட்டார்கள், எதைக் கொடுத்தார்கள் என்பது இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஜனவரியில் சீனாவுக்கும் போய்வந்தீர்கள். அம்பாந்தோட்டையில் 370 கோடி டொலர் செலவில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் என்ற செய்தி வந்தது. அந்தப் பக்கத்துச் சனமும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

சம்பூரின் கதையை உங்களுக்கு யாராவது முழுதாகச் சொன்னார்களா தெரியாது. நான் சொல்கிறேன்.

2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியதும் ஊர் எழும்பியது. என் தகப்பனார் வீட்டிலிருந்து எடுத்தது ஒரே ஒரு பொருள்: காணி உறுதி. அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் சாரத்துக்குள் செருகிக்கொண்டு நடந்தார். வெருகல் பக்கம், மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். தறப்பாளும் தகரமும்தான் வீடு. அடுத்த வருடம் எங்கள் ஊர் அதியுயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தது. 2012இல் இன்னொரு வர்த்தமானி: 818 ஏக்கர் முதலீட்டு வலயம். 2013 ஒக்டோபரில் இந்திய நிறுவனத்தோடு 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலைய உடன்படிக்கை. இவை எல்லாவற்றையும் நாங்கள் முகாமில், பழைய பத்திரிகையில் வாசித்துத்தான் அறிந்தோம். காணிக்காரர் தறப்பாளுக்குள் இருக்க, காணியைப் பற்றிப் பேச்சு கொழும்பிலும் டெல்லியிலும் நடந்தது.

தகப்பனார் ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பையைத் திறந்து, உறுதியை வெளியில் எடுத்து, நனைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, திரும்பச் சுற்றி வைப்பார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழியத் தொடங்கியிருந்தது. ஒரு அலுவலகத்தில் அதைக் காட்டியபோது, "ஐயா, இதெல்லாம் இப்ப மேலிடத்து விசயம்" என்றார் அங்கிருந்தவர். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அந்த "மேலிடம்" எங்கே இருக்கிறது என்று தகப்பனார் என்னிடம் பல தடவை கேட்டார்.

2015இல் முதலீட்டு வலய வர்த்தமானி ரத்தானது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணி விடுவிக்கப்பட்டது. அதே வருடம் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. நாங்கள் திரும்பி வந்தோம். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. அத்திவாரம் கூட இல்லை. தகப்பனார் காணியைக் கண்டுபிடித்தது கிணற்றை வைத்து. கல்லும் மண்ணும் போட்டு நிரவியிருந்தார்கள். ஆனால் கட்டின் வளைவு ஒரு முழம் தெரிந்தது. அதில் உட்கார்ந்து, இங்கிருந்து எத்தனை அடியில் வாசல், எத்தனை அடியில் மாட்டுக் கொட்டில் என்று கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்படி வந்த சனத்துக்குத்தான் இப்போது "சம்பூர்", "திருகோணமலை" என்ற பெயர்கள் மீண்டும் கூட்டறிக்கைகளில் தெரிகின்றன. பயம் வராதா?

1987ஐ உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அந்த வருடம்தான் நீங்கள் மக்கள் விடுதலை முன்னணியில் சேர்ந்தீர்கள். ஜூலை 29ஆம் திகதி, ஊரடங்குக்குள் இருந்த கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. யாரையும் கேட்கவில்லை, பாராளுமன்றத்தைக் கூடக் கேட்கவில்லை என்பதுதான் தெற்கில் எழுந்த கோபத்தின் வேர்களில் ஒன்று. பிறகு தெற்கில் வெடித்த கிளர்ச்சியில் அரசும் கொன்றது, உங்கள் கட்சியும் கொன்றது. இறந்துபோன தோழர்களை நீங்கள் ஒவ்வொரு நவம்பரிலும் நினைவுகூர்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஒப்பந்தத்தை முதலில் நிம்மதியாகத்தான் வரவேற்றோம். ஒக்டோபரில் அதுவே போராக மாறியது. எங்களையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

ஆனாலும் ஒன்றைப் பாருங்கள், ஐயா. 1987 ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடுவதில்லை என்பதும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் கூட்டாகப் புதுப்பிப்பது என்பதும் அவற்றில் உண்டு. அந்தக் கடிதங்களை நான் வாசித்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளையும் வாசிக்கலாம். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய அந்தத் தாங்கிகள் 2022 ஜனவரியில் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதும் (14 இந்திய நிறுவனத்துக்கு, 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு) ஊருக்குத் தெரியும். மக்களிடம் மறைத்துச் செய்தது என்று உங்கள் கட்சி எதிர்த்து நின்ற ஒப்பந்தத்தையே இன்று எவரும் எடுத்து வாசிக்கலாம். உங்கள் ஆட்சியில் கையெழுத்தானதை வாசிக்க முடியவில்லை.

இன்னொன்று. அந்த ஒப்பந்தத்தால் வந்த வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ச் செல்லாததாக்கியது உங்கள் கட்சியினரின் மனு. நாங்கள் அகதியாக அலைந்துகொண்டிருந்த அதே வருடம். அந்தத் தீர்ப்பு எனக்கு வலித்தது; இன்றும் வலிக்கிறது. ஆனால் அன்று நீதிமன்றத்தில் நின்ற வாதம், சட்டம் சொன்ன முறைப்படி காரியம் நடக்கவில்லை என்பது. முறைக்காக வழக்காடிய கட்சியிடம்தான் நான் முறையைக் கேட்கிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நான் படித்துப் பார்த்தேன். பிற நாடுகளோடான உறவுக்குப் பாதிப்பு வருமென்றால் தகவலை மறுக்கலாம் என்கிறது 5ஆம் பிரிவு. மறைப்பதால் தடுக்கப்படும் பாதிப்பை விடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே இது சட்டம் கையைக் கட்டிய விசயம் அல்ல. பொதுநலன் எது என்று நீங்கள் எடுக்கும் தீர்மானம். வாசகத்தை வெளியிட டெல்லியின் சம்மதம் வேண்டுமென்றால், அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினீர்களா?

கிழக்கு மாகாண நன்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் மாகாணத்துக்கு. ஆனால் கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல். 2017 செப்டம்பரோடு அதன் காலம் முடிந்தது. மாகாணத்தின் பெயரில் வரும் உதவியை எங்கே, எதற்குச் செலவிடுவது என்று வாய் திறக்க மாகாண சபையில் தெரிவுசெய்யப்பட்ட ஒருவரும் இல்லை. மாகாண சபைத் தேர்தல் நடக்குமென்று எதிர்பார்க்கிறோம் என்பதை இந்தியப் பிரதமர் உங்கள் பக்கத்தில் நின்று சொன்னார். அதை ஒரு வெளிநாட்டுத் தலைவர் வாயால் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய வசனம் அது.

இரு நாட்டுத் தலைவர்கள் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் சந்தையில் வைக்க முடியாது என்பது எனக்கும் விளங்கும். பேச்சு இரகசியமாக இருக்கட்டும். கையெழுத்து வைத்த பிறகு கடதாசி நாட்டுக்குச் சொந்தம். ஏழு உடன்படிக்கைகளையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாராளுமன்றத்தில் வையுங்கள். பாதுகாப்பு உடன்படிக்கையில் மறைத்தே ஆக வேண்டிய பகுதி இருந்தால், இன்ன பகுதி, இன்ன காரணம் என்று அங்கேயே சொல்லுங்கள். 159 பேரை வைத்திருக்கும் நீங்கள் ஒரு விவாதத்துக்குப் பயப்பட எந்த நியாயமும் இல்லை. எரிசக்தி மையத்துக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் எந்தெந்தக் காணி, எத்தனை ஏக்கர், எல்லை எது என்ற வரைபடத்தை மூதூர் பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். சனம் போய்ப் பார்க்கட்டும். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கட்டும். கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்து, பத்ரகாளி அம்மன் கோயில் முன்றிலில் ஒரு பின்னேரம் உட்கார்ந்து, தமிழில் விளக்கட்டும். நாங்கள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக் கேட்போம்.

தகப்பனார் போய் ஐந்து வருடமாகிறது. உறுதி இப்போது என்னிடம், அதே மாதிரி ஒரு பொலித்தீன் பையில். வரைபடம் ஒட்டப்படும் நாளில் அதை எடுத்துக்கொண்டு மூதூருக்கு வருவேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கள் கிணறு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மூதூர் கிழக்கிலிருந்து
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்